இன்ஜின் ஆயிலில் தண்ணீரா? ஹெட்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆயில் மூடியைத் திறக்கிறீர்கள். உள்பக்கம் வெண்ணெய் தடவியது போல, மஞ்சள் கலந்த வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. பார்த்தவுடன் வயிற்றில் புளியைக் கரைக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சார், எறக்கிப் பார்த்துடலாம்."

இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே, ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். சில நேரம் அவர் சொல்வது உண்மை. பல நேரம் இல்லை. குன்னூரில் இருக்கும் என் அத்தை மகனுக்கு இப்படித்தான் ஹெட்டைக் கழற்ற நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கீழே சொல்லும் சோதனைகளில் முதல் நாலைந்தைச் செய்தோம். கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட 2 கி.மீ., மாலையில் கூட்டிவர 2 கி.மீ., அதுவும் மலைக்குளிரில். வண்டியின் ஓட்டமே அவ்வளவுதான். ஆயில் ஒரு நாளும் முழுதாகச் சூடாகவில்லை.

ஆயில் பால் மாதிரி ஆகிவிட்டது என்பது அறிகுறி மட்டுமே. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் பணம்தான் கரையும்.

தண்ணீர் வரும் மூன்று வழிகள்

முதல் வழி, இன்ஜின் தானே உண்டாக்கும் தண்ணீர். பலருக்கு இது நம்ப முடியாத செய்தி: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கின் இடுக்கு வழியாக நழுவி, ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்வ் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய், கடைசியில் புகையோடு வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் அங்கேயே குளிர்ந்து, மேலே குளிர்ச்சியாக இருக்கும் ஆயில் மூடியில் படியும்.

இரண்டாவது வழி, கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் திரவம். ஹெட் கேஸ்கெட், ஹெட்டில் விழுந்த விரிசல், ஆயில் கூலர், சில இன்ஜின்களில் டைமிங் கவருக்குள் உட்கார்ந்திருக்கும் வாட்டர் பம்ப் என்று இதற்குப் பல வாசல்கள் உண்டு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். கூலன்ட்டில் தண்ணீரோடு கலந்திருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் வெறும் தண்ணீரைவிடக் கெட்டது. ஆயிலோடு சேர்ந்து கெட்டியான சேறாகிச் சின்னச் சின்ன ஆயில் பாதைகளை அடைக்கும், பேரிங்குகளை அரிக்கும்.

மூன்றாவது, வெளித் தண்ணீர். வெள்ளம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் பிரஷர் கன்னை நேராக இன்ஜின் மேல் அடிப்பது. ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம் பிய்ந்திருந்தாலோ ஆயில் மூடி சரியாக உட்காரவில்லை என்றாலோ தண்ணீர் சுலபமாக இறங்கிவிடும். வைப்பர் தண்ணீரை ஆயில் வாயில் ஊற்றிய ஆட்களும் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், அவசரத்தில் யாருக்கும் நடக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் நேராகக் கீழே அதே தலைப்பில் இருக்கும் பகுதிக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் வரிசையாக வாருங்கள்.

படி 1: ஸ்டார்ட் செய்யாதீர்கள்

சோதனைக்கு ஏற்ற நேரம் காலை. வண்டி இரவு முழுதும் சமதளத்தில் நின்றிருக்க வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, ஓய்வாக நின்றால் கலங்காத தண்ணீர், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் அடிக்குப் போய்விடும். ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிடமே ஆயில் பம்ப் அதை அடித்துக் கலக்கிவிடும், கிடைக்க வேண்டிய சாட்சி போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் கலந்த ஆயில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உறுதியான படலமாக நிற்காது. டிப்ஸ்டிக்கிலேயே பால் தெரிகிறது என்றால், "ஒர்க் ஷாப் பக்கத்துலதானே" என்று ஓட்டிப் போவதைவிட டோ செய்வது மலிவு.

படி 2: மூடியிலா, டிப்ஸ்டிக்கிலா?

பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

மூடியின் உள்பக்கமும் ஆயில் ஊற்றும் கழுத்தும் மட்டும் வெளுத்திருந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுக்கும்போது ஆயில் வழக்கமான தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் குறைந்த தூர ஓட்டத்தால் வந்த ஈரம். டிப்ஸ்டிக் நுனியிலும் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் சம்ப் முழுவதும் கலந்துவிட்டது என்று பொருள். வெறும் ஈரம் அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

டிப்ஸ்டிக்கின் மேல்பகுதியில் மட்டும், அதாவது ஆயில் மட்டத்துக்கு மேலே குழாய்க்குள் இருக்கும் பாகத்தில், வெள்ளைத் தடம் இருந்தால் ஏமாறாதீர்கள். அதுவும் குளிர்ந்த குழாயில் படிந்த ஈரம்தான். நுனியைப் பாருங்கள்.

படி 3: மட்டம் ஏறியிருக்கிறதா?

சின்ன பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 லிட்டர் ஆயில்தான் இருக்கும். அரை லிட்டர் கூலன்ட் உள்ளே போனாலே டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். தானாக ஆயில் கூடும் இன்ஜின் உலகத்தில் கிடையாது, கூடினால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது.

அது தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சைலன்சரில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியைச் சுத்தப்படுத்த இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். நகர நெரிசலில் அந்த வேலை பாதியில் நின்றுகொண்டே இருந்தால், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி மட்டத்தை ஏற்றிவிடும். அப்போது ஆயில் பால் மாதிரி இருக்காது. நீர்த்துப்போய், விரலில் தேய்த்தால் வழவழப்புக் குறைந்து, டீசல் வாடை அடிக்கும். அதுவும் சரிசெய்ய வேண்டிய கோளாறுதான், ஆனால் அதற்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கும் தொடர்பு கிடையாது.

படி 4: கூலன்ட் பாட்டில்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் திறக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. மட்டம் குறைந்திருக்கிறதா, மேலே எண்ணெய்ப் படலமோ பழுப்புச் சேறோ மிதக்கிறதா. வெளியே எங்கும் ஒழுகல் தெரியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறது, ஆயில் மட்டம் ஏறுகிறது என்றால் கணக்கு நேராகிவிட்டது. கூலன்ட் குறைகிறது, ஆயில் சுத்தமாக இருக்கிறது என்றால் அது சிலிண்டருக்குள் போய் எரிந்து வெள்ளைப் புகையாகப் போகலாம், டீசல் வண்டியில் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் ஒழுகலாம். அது தனிக் கதை.

கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தால் உடனே அது இன்ஜின் ஆயில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டருக்குள்தான் இருக்கிறது. அது உடைந்தால் கூலன்ட் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறும்.

"இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட்" என்று படித்திருப்பீர்கள். அது சரிதான், கிளைக்காலுக்கு அந்த மணம் உண்டு. ஆனால் நம் ஊரில் எத்தனை வண்டியில் உண்மையான கூலன்ட் இருக்கிறது? குறையக் குறையப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்த வண்டியில் எந்த வாடையும் வராது, நிறமும் இருக்காது. வாடை இல்லை என்பதை வைத்துக் கூலன்ட் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தவிர, அப்படி உப்புத் தண்ணீரில் ஓடிய இன்ஜினில் அலுமினிய ஹெட்டின் நீர்ப்பாதை ஓரங்கள் அரித்துப்போய், கேஸ்கெட் உட்கார இடமே இல்லாமல் போயிருக்கும்.

படி 5: கடுகு வெடிக்கிறதா?

பழைய மெக்கானிக்குகள் டிப்ஸ்டிக் நுனியை லைட்டர் சுடரில் காட்டிக் காது கொடுப்பார்கள். சடசடவென்று சத்தம் வந்தால் தண்ணீர். அதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்வதுதான் சூடான தகட்டுச் சோதனை.

ஒரு பழைய இரும்புத் தகடு வேண்டும். வீட்டு தோசைக்கல்லை எடுக்காதீர்கள், அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல. தகட்டை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குங்கள். வெப்பம் அளக்கும் துப்பாக்கி இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று கொதித்து மறைய வேண்டும். சொட்டு முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், கொஞ்சம் ஆற விடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

முதலில் புது ஆயில் ஒரு சொட்டு. அது பரவி அமைதியாக இருக்கும். இது ஒப்பிட்டுப் பார்க்க. அடுத்து உங்கள் ஆயில் ஒரு சொட்டு. சின்னக் குமிழிகள் தோன்றி உடனே மறைந்தால் ஏறக்குறைய 0.1 சதவீத அளவில் தண்ணீர் இருக்கலாம். பெரிய குமிழிகள் எழும்பி, தாளிப்பில் கடுகு வெடிப்பது போலப் பொரிந்தால் அதைவிட அதிகம். பொதுவாக 0.2 சதவீதத்தைத் தாண்டினாலே அந்த ஆயிலை மாற்ற வேண்டும் என்பார்கள். 3.5 லிட்டர் ஆயிலில் அது வெறும் 7 மில்லி, இருமல் மருந்து மூடி அளவுகூட இல்லை.

கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்தால் சந்தேகமே இல்லை. பிரியவில்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்றைய ஆயிலில் இருக்கும் சேர்மானங்கள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 6: மூடியில் மட்டும் என்றால், ஒரு நீண்ட ஓட்டம்

படி 2-இல் மூடியில் மட்டும் வெளுப்பு, மட்டம் ஏறவில்லை, கூலன்ட் குறையவில்லை என்று வந்தவர்களுக்கு மட்டும் இது. மூடியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, நெடுஞ்சாலையில் 40, 50 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் முள் கூலன்ட் சூட்டைத்தான் காட்டுகிறது. ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு நேரம்.

ஒரு வாரம் இப்படி இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து, மூடி சுத்தமாகவே இருந்தால் கதை முடிந்தது. ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டும் பழக்கத்தை மாற்றுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் பி.சி.வி. வால்வையும் அதன் ஹோஸையும் பாருங்கள். வால்வைக் கையில் எடுத்துக் குலுக்கினால் பல வண்டிகளில் கலகலவென்று சத்தம் வரும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை. இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும் வண்டிகளிலும் இது சகஜம். "நம்ம வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றிவிடுகிறார்கள், இன்ஜின் எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடுகிறது. ஹைபிரிட் கார்களிலும் இன்ஜின் விட்டு விட்டு ஓடுவதால் நகரத்துக்குள் ஆயில் சூடாவது குறைவு.

அத்தை மகன் வண்டி இந்தப் படியிலேயே முடிந்தது. மேட்டுப்பாளையம் வரை இரண்டு முறை இறங்கி ஏறினான், அவ்வளவுதான்.

படி 7: டிரெயின் போல்ட்டை மெல்ல

டிப்ஸ்டிக்கில் பால் தெரிந்தவர்கள் இங்கே வாருங்கள். இரவு நின்ற வண்டியின் டிரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல், கசியும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, சுத்தமான பாத்திரத்தில் முதல் அரை டம்ளரைப் பிடியுங்கள். முதலில் நிறமில்லாத தண்ணீர் வந்தால் வெளித் தண்ணீரோ வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரோ காரணம். பச்சை, சிவப்பு, நீலம் என்று கூலன்ட்டின் நிறம் தெரிந்தால் சொல்லவே வேண்டாம்.

பிடித்ததைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கிளைக்கால் நாய்க்கும் பூனைக்கும் விஷம், இனிப்பாக இருப்பதால் நக்கிவிடும். குழந்தைகளுக்கும் ஆபத்து.

படி 8: பிரஷர் டெஸ்ட்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள். ரேடியேட்டர் மூடிக்குப் பதில் ஒரு கைப்பம்ப்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை, பொதுவாக 0.9 முதல் 1.1 பார், ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸையும் கெடுத்துவிடுவீர்கள்.

முள் 20 நிமிடம் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் முதலில் வெளியே ஒழுகலைத் தேடுங்கள். வெளியே ஒன்றும் இல்லை என்றால், ஆயிலை முழுதாக வடித்து, டிரெயின் போல்ட்டைத் திறந்தே விட்டு, கீழே அட்டை விரித்து, அழுத்தத்தை ஏற்றி ஓரிரு மணி நேரம் வையுங்கள். சில விரிசல்கள் மெல்லத்தான் கசியும். சம்ப்பின் துளையிலிருந்து கூலன்ட் சொட்டினால் உள்ளே ஒழுகுவது உறுதி. சம்ப்பையும் கழற்றிப் பார்க்க முடிந்தால், எந்தப் பக்கத்திலிருந்து சொட்டுகிறது என்பதே பாதி விடை.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று ஆயில் கூலர். ஆயில் ஃபில்டருக்கு அடியில், உள்ளங்கை அளவில் இருக்கும். ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட், நடுவே மெல்லிய தகடு. தகடு ஓட்டையானால் நடப்பது விசித்திரமானது. வண்டி ஓடும்போது ஆயிலின் அழுத்தம்தான் அதிகம், ஆகவே ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்ஜியம், கூலன்ட்டில் மட்டும் சூட்டு அழுத்தம் மிச்சம். இப்போது கூலன்ட் ஆயிலுக்குள் போகும். கூலன்ட் பாட்டிலில் நிறைய எண்ணெய், ஆனால் வண்டி சூடாகவில்லை, பிக்கப் குறையவில்லை என்றால் என் முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மேல் இல்லை, இதன் மேல்தான்.

உறுதி செய்ய ஒரு குறுக்கு வழி: கூலருக்குப் போகும் இரண்டு கூலன்ட் ஹோஸ்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டு மறுபடி பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். முன்பு இறங்கிய முள் இப்போது நின்றால் குற்றவாளி கூலர்தான். ஹெட்டைத் தொட வேண்டியதே இல்லை.

படி 9: ஹெட் கேஸ்கெட்தானா?

இவ்வளவும் தாண்டி வந்த பிறகு சந்தேகம் ஹெட் பக்கம் போவது நியாயம். ஆயில் முழுக்கப் பாலாகிவிட்ட வண்டி என்றால், இன்ஜின் ஓட வேண்டிய சோதனைக்கு முன் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலவும் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. சின்ன கேமராவை விட்டுப் பார்த்தால் அந்த பிஸ்டன் தலை மட்டும் ஆவியில் சுத்தமாகியிருக்கும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்கும்போது எண்ணைவிட வித்தியாசத்தைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் மட்டும் சேர்ந்தாற்போலக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் உண்டு. எரிந்த புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கூலன்ட்டுக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகும். மாறினால் நம்பலாம். மாறவில்லை என்றால் முழுதாக நம்ப வேண்டாம், ஏனென்றால் கேஸ்கெட் சிலிண்டர் பக்கம் நன்றாக இருந்து, ஆயில் பாதைக்கும் நீர்ப்பாதைக்கும் நடுவே மட்டும் விட்டிருக்கலாம். அப்போது புகை கூலன்ட்டுக்கு வராது, கம்ப்ரஷனும் சரியாகவே காட்டும். அந்த நிலையில் படி 8-தான் உங்களுக்குச் சாட்சி.

ஹெட்டைக் கழற்றிவிட்டால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் வளைவைப் பார்க்க வேண்டும். பல இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ.தான் எல்லை. உங்கள் வண்டியின் அளவை மேனுவலில் பாருங்கள். அதிகம் என்றால் லேத் பட்டறையில் ஃபேசிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது), கூடவே விரிசலுக்குப் பிரஷர் டெஸ்ட். முன்பு ஒருமுறை ஓவர் ஹீட் ஆன வண்டி என்றால் இது கட்டாயம்.

எதிலும் தெளிவு வரவில்லை என்றால் ஆயிலைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அறிக்கையில் தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம் எண்களையும் பாருங்கள். கூலன்ட்டின் சேர்மானங்களிலிருந்து வருபவை அவை. தண்ணீர் இருந்து இவை புது ஆயிலின் அளவிலேயே இருந்தால் ஈரமாக இருக்க வாய்ப்பு அதிகம். போர் தண்ணீர் ஊற்றிய வண்டிக்கு இந்தக் கணக்கு சரிவராது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அனுபவம் கொடுத்த புத்தி அது.

தண்ணீர் வடிந்ததும் "ஓடுதான்னு ஒரு தடவை" சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். அப்படிச் செய்த சேதத்தைச் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பொதுவாகத் தர மாட்டார்கள். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று வண்டியில் இருக்கும் சேற்றுக் கோட்டோடு போட்டோ எடுத்து வையுங்கள், இன்ஷூரன்ஸுக்கு உதவும். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டர் காய்ந்திருந்து உள்ளே சேறு இல்லை என்றால் இன்டேக் வழியாகத் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் டிப்ஸ்டிக் குழாய், சீல்கள், பிரீதர் வழியாக சம்ப்புக்குள் போயிருக்கலாம், ஆகவே படி 7 கட்டாயம். ஃபில்டர் நனைந்திருந்தால் பிளக்குகளை (டீசலில் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ) கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டால் இது வீட்டு வேலை இல்லை. கியர் பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு

ஒரு முறை ஆயில் மாற்றினால் போதாது. ஆயில் பாதைகளிலும் ஹெட்டின் மூலைகளிலும் பழைய பால் ஒட்டியிருக்கும். விலை குறைந்த, ஆனால் சரியான கிரேடு ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் சூடாகும் வரை ஓடவிட்டு வடியுங்கள். வடிவது தெளியும் வரை இரண்டு, மூன்று முறை கூட ஆகலாம், ஒவ்வொரு முறையும் ஃபில்டர் புதிது. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி இன்ஜினை ஓடவிடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது, ஏற்கெனவே அடிபட்ட பேரிங்கை அது முடித்துவிடும். ஓடும்போது அடியில் டக்டக் சத்தம் கேட்டாலோ ஆயில் விளக்கு மினுக்கினாலோ உடனே அணைத்துவிட்டு பேரிங்கைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக நல்ல ஆயில். கூலன்ட் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் அன்றைய மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். முதல் 500 கி.மீ. வரை, வாரம் ஒரு காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடி, டிப்ஸ்டிக், அந்தக் கோடு மூன்றையும் பாருங்கள்.